கல்யாண மொய்யா... கேத வீட்டுச் சோறா?

பி.காம். படித்தவனுக்கு ஊரில் ஒரு உத்தியோகம் நிச்சயம் உண்டு. மொய் எழுதுவது!

தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் பக்கம் பொட்டிபுரம். (நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வருது, வரலை, வரவே கூடாது என்று பேப்பரில் அடிக்கடி அடிபட்டதே... சாட்சாத் அதே பொட்டிபுரம்தான்!) அங்கே 2022 மே மாதம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. வழக்கம்போல பந்தல் வாசலில் மேஜை போட்டு, அண்டா வைத்து, என் கையில் நோட்டைத் திணித்துவிட்டார்கள். ஊர், பேர், தொகை... ஊர், பேர், தொகை... பக்கத்தில் ஒருத்தர் மைக்கில் அலற, நான் எழுத, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பந்திக்குப் போகாமல் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் ஜீப் மாமா. விடிகாலையில் போடியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். ஊர் நியாயம், உலக நியாயம் எல்லாவற்றுக்கும் கொண்டை ஊசி வளைவில் வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"ஏன் மாப்ள... மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல அரிசி போகுதாம்ல இலங்கைக்கு? இங்க நம்மாளுக்கே ஆயிரம் கஷ்டம் கெடக்கு. இவுக அங்கிட்டு அனுப்புறாக. இது மொய்யா, தர்மமா? மொய்யின்னா எப்பத் திருப்பிச் செய்வாக? தர்மமின்னா நம்மகிட்ட அம்புட்டு இருக்கா?"

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இதைவிடச் சுருக்கமாக இந்தியாவின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றி யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

தலைக்குப் பதினேழு ரூபாய்!

முதலில் மாமா சொன்ன கப்பலைப் பார்ப்போம்.

2022 ஏப்ரலில் இலங்கை, 'வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது' என்று கையை விரித்துவிட்டது. பெட்ரோலுக்கு க்யூ, கேஸுக்கு க்யூ, பால்பவுடருக்கு க்யூ. மார்ச் மாதமே பசி தாங்காமல் படகேறி தனுஷ்கோடிக்கு வந்து சேர்ந்தார்கள் சில குடும்பத்தார். ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டசபையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், அத்தியாவசிய மருந்துகள். மொத்த மதிப்பு 123 கோடி ரூபாய். கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் கை தூக்கினார்கள். அப்போது எங்கள் போடி தொகுதி எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி வரிசையில் இருந்த ஓ. பன்னீர்செல்வம். அவர் எழுந்து, தன் குடும்பத்தின் சார்பில் 50 லட்சம் தருவதாகச் சொன்னார். (மைக்கில் அறிவிக்க நான்தான் அங்கே இல்லை!)

மே 18-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. 9,000 டன் அரிசியோடு சில நாளில் கொழும்பு போய்ச் சேர்ந்தது.

இதில் ரெண்டு சமாசாரம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, வெளிநாட்டு விவகாரம் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. ஒரு மாநில அரசு இஷ்டத்துக்கு இன்னொரு நாட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பிவிட முடியாது. டெல்லி தலையாட்ட வேண்டும். ஆட்டியது. தூதரகம் மூலமாகத்தான் அங்கே விநியோகத்துக்குப் போனது.

ரெண்டாவதுதான் முக்கியம். 'இலங்கைத் தமிழர்களுக்கு அனுப்புகிறோம்' என்றுதான் இங்கே முதலில் பேச்சு எழுந்தது. அங்கிருந்த தமிழ்த் தலைவர்களே, 'எங்களுக்கு மட்டும் என்று பிரித்து அனுப்பாதீர்கள். பசி எல்லோருக்கும் ஒன்றுதான்' என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டார்கள். முதல்வரே அதைச் சபையில் எடுத்துச் சொன்னார். முப்பது வருஷம் போரில் அடிபட்ட ஜனங்கள் சொன்ன வார்த்தை ஸார் இது! சிங்களக் கிராமத்துக்கும் போனது, யாழ்ப்பாணத்துக்கும் போனது, மலையகத் தோட்ட லயன்களுக்கும் போனது.

சரி, மாமாவின் 'நம்மகிட்ட அம்புட்டு இருக்கா?' என்ற கேள்விக்கு வருவோம். என் பி.காம். மூளை உடனே வகுத்துப் பார்த்தது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். 123 கோடியை வகுத்தால் தலைக்குப் பதினேழு ரூபாய். ஒரு டீக் காசு, கொஞ்சம் சில்லறை. அந்தப் பக்கம் இலங்கையின் ஜனத்தொகை சுமார் 2 கோடியே 20 லட்சம். 40,000 டன் என்றால் 4 கோடி கிலோ. ஆளுக்கு ரெண்டு கிலோகூட வராது.

ஆக, நாம் ஓட்டாண்டியாகவும் இல்லை, அவர்கள் வயிறு நிரம்பி ஏப்பம் விடவும் இல்லை. அப்புறம் எதுக்கு இத்தனை பேச்சு? மொய்யில் தொகையைவிட யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்பதுதான் பேச்சாகும். நாடுகளுக்கும் அப்படியே.

டெல்லி எழுதிய பெரிய மொய்

அதே 2022-ல் டெல்லி செய்தது இதைப்போலப் பல மடங்கு. மொத்தம் சுமார் 400 கோடி டாலர். 'இந்தியா இலங்கைக்கு 400 கோடி டாலர் கொடுத்தது' என்று நாமெல்லாம் மார் தட்டிக்கொண்டோம். நோட்டைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பெட்ரோல், டீசல் வாங்க 50 கோடி டாலர் கடன். உணவு, மருந்து வாங்க 100 கோடி டாலர் கடன். ரிசர்வ் வங்கி மூலம் 40 கோடி டாலர் கைமாற்று. ஏற்கெனவே இந்தியாவுக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்குத் தவணை நீட்டிப்பு... இப்படிப் போகிறது. திருப்பித் தரவேண்டாத இனாம் இதில் கொஞ்சம்தான்.

தப்பு என்று சொல்லவில்லை. வீட்டில் விளக்கு அணைந்து கிடக்கும்போது கடன் கொடுப்பவனும் உதவிக்காரன்தான். பேங்க்காரர்கள் எல்லாம் கதவைச் சாத்தியபோது, 'கடனைச் சீரமைக்க நாங்கள் சம்மதம்' என்று 2023 ஜனவரியில் முதலில் உறுதி கொடுத்த கடன்காரர் இந்தியாதான். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் வந்தார்கள், மார்ச்சில் சர்வதேச நிதியம் பணம் தந்தது. ஆனால் கைமாற்றை தர்மக் கணக்கில் எழுதினால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

அதே 2022 ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. திரிகோணமலை எண்ணெய்க் கிடங்குகள் பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ரெண்டாம் உலகப் போர்க் காலத்து டாங்குகள். இந்தியா பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த விஷயம். கடனுக்கும் இதுக்கும் முடிச்சு உண்டா என்றால், எந்த அரசும் உண்டு என்று சொல்லாது. கொழும்பில் டீக்கடையில் கேட்டால் சொல்லுவார்கள்!

கையேந்திய காலம்

நாம் ஒன்றும் பிறந்ததிலிருந்தே மொய் எழுதுகிற கை இல்லை. வாங்குகிற கையாக இருந்தோம்.

உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டியவர்கள் இருந்தால், 'அமெரிக்கா கோதுமை', 'ஸ்கூல்ல மஞ்ச உப்புமா' என்று ஆரம்பித்துப் பாருங்கள். அரை மணிக்கு நிறுத்த மாட்டார்கள். பி.எல். 480 என்று ஒரு அமெரிக்கச் சட்டம், 1954-ல் போட்டது. அவர்களிடம் மிஞ்சிக் கிடக்கும் தானியத்தை நம் ரூபாய்க்கே தருவது. 1965, 66-ல் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் வெளியிலிருந்து சுமார் ஒரு கோடி டன் தானியம் வந்து இறங்கியது.

அப்போது அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். ஒரு வருஷத்துக்கு மொத்தமாக அனுப்ப மாட்டேன், மாசா மாசம் பார்த்து அனுப்புகிறேன் என்றார். விவசாயக் கொள்கையை மாற்று என்று ஒரு நெருக்கு. வியட்நாம் போரை நீ எப்படிக் குறை சொல்லலாம் என்று இன்னொரு நெருக்கு. கப்பல் வந்தால் அடுப்பெரியும், வராவிட்டால் இல்லை என்று நாடு கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்த அவமானத்தில்தான் பசுமைப் புரட்சி முளைத்தது என்பார்கள். ஆனாலும் லட்சக்கணக்கான வயிறுகளை அந்தக் கோதுமை காப்பாற்றியது என்பதும் நிஜம். ரெண்டும் ஒரே மூட்டைக்குள்தான் இருந்தது.

நம் டெல்லி அதிகாரிகளுக்கு அந்த நாள் ரத்தத்தில் ஊறிவிட்டது. 'இனி யாரிடமும் கை நீட்டக்கூடாது' என்ற வைராக்கியம் அங்கே பிறந்தது.

ஆகாயத்திலிருந்து ஒரு பூமாலை

1987 ஜூன். வடமராட்சியில் ராணுவ நடவடிக்கை, யாழ்ப்பாணத்துக்கு உணவு போகத் தடை. ஜூன் 3-ம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து சுமார் இருபது மீன்பிடிப் படகுகளில் செஞ்சிலுவைக் கொடி கட்டி உணவும் மருந்தும் கிளம்பியது. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் வழிமறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது.

மறுநாளே, ஜூன் 4. ஐந்து 'ஆன்டனோவ் 32' சரக்கு விமானங்கள். கூடத் துணைக்கு 'மிராஜ்' போர் விமானங்கள். டெல்லியில் இருந்த இலங்கைத் தூதரைக் கூப்பிட்டு, 'இதோ கிளம்பிவிட்டது, தடுத்தால் பதிலடி உண்டு' என்று தகவல் சொல்லிவிட்டு, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் உணவுப் பொருளைப் பாராசூட்டில் இறக்கினார்கள். அதற்கு வைத்த பேர், 'பூமாலை'!

இங்கே நாம் கை தட்டினோம். தட்டாமல் எப்படி? அங்கே பட்டினி கிடந்தவன் நம் ஆள். ஆனால் போர் விமானம் காவலுக்கு வந்த சோற்றுக்கு ருசி வேறு. 25 டன் யாழ்ப்பாணத்துக்கு ஒரு வேளைக்குக்கூடக் காணாது. சாப்பாட்டைவிட, 'வானம் என் கையில்' என்ற சேதிதான் அன்றைக்கு கனமாக விழுந்தது. ஜூலை 29-ல் ராஜீவ்–ஜெயவர்த்தனே ஒப்பந்தம். அமைதிப்படை போனது. 1990 மார்ச்சில் திரும்பி வந்தபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரோடு இல்லை. அங்கே செத்த தமிழ் ஜனங்களின் கணக்கு வேறு. சோற்று மூட்டையில் ஆரம்பித்தது அதில் போய் முடிந்தது.

1991-ல் ஐ.நா. பொதுச்சபை ஒரு தீர்மானம் போட்டது. உதவி என்றால் மனிதாபிமானம், நடுநிலை, பாரபட்சமின்மை மூன்றும் வேண்டும். அடிபட்ட நாட்டின் சம்மதமும் வேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. சம்மதம் தர வேண்டியவனே பட்டினி போடுகிறவனாக இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு இன்றைக்கு வரைக்கும் உலகத்தில் ஒருத்தரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

சுனாமி: கொடுக்கிறேன், வாங்க மாட்டேன்!

2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள். நாகப்பட்டினம் மண்ணும் பிணமுமாகக் கிடந்தது. அதே நாளிலேயே இந்தியக் கடற்படைக் கப்பல்களும் விமானங்களும் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் உதவியோடு கிளம்பிவிட்டன. அடுத்து இந்தோனேஷியாவுக்கும். வெளிநாடுகள் 'நாங்கள் வரட்டுமா?' என்று கேட்டபோது பிரதமர் மன்மோகன் சிங், 'எங்களால் சமாளிக்க முடியும், தேவைப்பட்டால் கேட்கிறோம்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

உலகம் திரும்பிப் பார்த்தது. தன் வீட்டில் கேதம் நடக்கும்போதே அடுத்த வீட்டுக்குச் சோறு கட்டுகிறவன் யாருப்பா என்று. 'வளரும் வல்லரசு' என்ற பட்டமெல்லாம் அதற்கப்புறம் நிறையப் புழங்கியது.

ஆனால் இந்த வைராக்கியத்துக்கும் ஒரு விலை உண்டு. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம். எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம். மண் சரிந்து ரோடே காணாமல் போனது. எங்கள் ஜனங்கள் பிழைக்கிற ஏலத்தோட்டமெல்லாம் அங்கேதான். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் உதவ முன்வந்தது. வளைகுடாவில் உழைத்த மலையாளிகளுக்காக, நன்றிக் கடன் மாதிரி. 'வெளிநாட்டு அரசுகளிடம் வாங்குவதில்லை என்பது கொள்கை' என்று டெல்லி மறுத்துவிட்டது. இடிந்த வீட்டுக்காரனிடம் போய் 'நாடு தன்மானத்தைக் காப்பாற்றியது' என்றால் அவன் என்ன சொல்வான்?

மொய் எழுத மட்டும் வருவேன், என் வீட்டு விசேஷத்தில் யாரிடமும் வாங்க மாட்டேன் என்று ஊரில் ஒருத்தர் சொன்னால் அவரைப் 'பெரிய மனுஷன்' என்பார்கள். கொஞ்ச நாள் கழித்து 'மண்டைக்கனம்' என்பார்கள்.

2021 அந்த மண்டைக்கனத்தையும் இறக்கியது. ஜனவரி 20-ம் தேதி பூடானுக்கும் மாலத்தீவுக்கும் தொடங்கி, தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு சுமார் 6.6 கோடி டோஸ் கொரோனா தடுப்பூசி அனுப்பினோம். அதில் இனாம் ஒரு கோடிச் சொச்சம். மிச்சம் விலைக்கும், உலக சுகாதார அமைப்பும் கூட்டாளிகளும் நடத்திய 'கோவேக்ஸ்' திட்டத்துக்கும் போனது. ஏப்ரலில் ரெண்டாவது அலை அடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆக்ஸிஜனுக்கு அலைந்தோம். ஏற்றுமதி நின்றது. அதை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் முதல் டோஸ் போட்டுவிட்டு ரெண்டாவது டோஸுக்கு வானத்தைப் பார்த்தன. நாமும் பழைய வைராக்கியத்தை மூட்டை கட்டிவிட்டு நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் உதவியை வாங்கிக்கொண்டோம்.

அந்த மே மாதம் கென்யா நாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. 12 டன் டீத்தூள், காப்பி, நிலக்கடலை. முன்களப் பணியாளர்களுக்கு என்று. நம்மில் சில புத்திசாலிகள், 'கென்யாகிட்டக் கடலை வாங்குற நிலைமைக்கு வந்தாச்சு' என்று சிரித்தார்கள்.

ஐந்து ரூபாய் மொய்யோடு வருகிற பாட்டியைப் பார்த்துச் சிரிப்பவன் எங்கள் ஊரில் அடி வாங்குவான்.

மற்ற பெரிய மனுஷர்கள்

இந்த மொய்க் கச்சேரியில் இந்தியா மட்டும் இல்லை. புதிதாகத் தலையெடுத்த நாடுகள் எல்லாமே ஆளுக்கொரு நோட்டு வைத்திருக்கின்றன.

2011-ல் சோமாலியாவில் பஞ்சம். மேல்நாட்டுத் தலைவர்கள் எட்டிப் பார்க்கப் பயந்த மொகதிஷு நகரத்தில், துருக்கியின் எர்டோகன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி கட்டினார்கள், ரோடு போட்டார்கள். நல்ல காரியம். 2014-ல் அந்த ஊர்த் துறைமுகம் துருக்கிக் கம்பெனி கைக்குப் போனது. 2017-ல் துருக்கியின் ராணுவப் பயிற்சித் தளம் திறந்தது.

சீனாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்பாந்தோட்டையில் துறைமுகம் கட்டக் கடன் கொடுத்தது. 2017-ல் அந்தத் துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பெனியிடம் போனது. நாம் அதைக் காட்டி 'பார்த்தியா, பார்த்தியா' என்கிறோம். நம் திரிகோணமலை டாங்குகளைக் காட்டி அவர்கள் என்ன சொல்கிறார்களோ!

நேபாளத்தில் நமக்கு ஒரு பாடம் கிடைத்தது. 2015 ஏப்ரல் 25 பூகம்பம். சில மணி நேரத்துக்குள் நம் விமானம் காட்மாண்டுவில். உலகமே மெச்சியது. கூடவே போன நம் டி.வி.க்காரர்கள், இடிபாட்டில் பிள்ளையைத் தேடும் தாயிடம் மைக்கை நீட்டி 'எப்படி உணர்கிறீர்கள்?' என்கிற ரகத்தில் கேட்க, 'இந்திய மீடியாவே வீட்டுக்குப் போ' என்று அந்த ஜனங்கள் கொதித்தார்கள். செப்டம்பரில் எல்லையில் லாரிகள் நின்றுபோயின. பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை. இந்தியாதான் மறிக்கிறது என்றார்கள் நேபாளத்தார். நாங்கள் இல்லை, உங்கள் உள்நாட்டுக் கலவரம்தான் என்றது இந்தியா. யார் சொன்னது சரியோ... ஏப்ரலில் எழுதிய மொய் செப்டம்பரில் அழிந்துபோனது.

துருக்கிக் கதை சமீபத்தியது. 2023 பிப்ரவரி 6 பூகம்பத்துக்கு நம் மீட்புப் படையும் ராணுவ ஆஸ்பத்திரியும் பறந்தன. ஒரு துருக்கிப் பெண்மணி நம் ராணுவப் பெண் மருத்துவரைக் கட்டிக்கொண்டு முத்தமிட்ட படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதலில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றது. 'செஞ்ச மொய்யைத் திருப்பலை பாரு' என்று இங்கே ஒரே கோபம்.

கொஞ்சம் யோசித்தால், இடிபாட்டுக்குள் கிடந்த ஆறு வயசுப் பெண் குழந்தையா வெளியுறவுக் கொள்கை எழுதியது? அவளை வெளியே தூக்கியது வீண் செலவா? திரும்பி வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனோம் என்றால், அதை அன்றைக்கே 'மொய்' என்று மைக்கில் சொல்லியிருக்கலாமே!

நம் வீட்டுத் திண்ணை

வெளியே கொடுப்பதைப் பேசினால் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கிழவிகள் 'கண்டிக்குப் போனவுக' என்று ஒரு வார்த்தை சொல்லுவார்கள். பஞ்சம் பிழைக்க மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. பாக்கி ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். எங்கள் போடியில் ஏலக்காயை ஏலம் விடும்போதுகூடத் தரம் பார்த்துப் பிரிப்பார்கள். இங்கே அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். ரெண்டு நாட்டு நட்புக்கு ஜனங்கள் மொய்யாகப் போனார்கள்.

83 கலவரத்துக்கப்புறம் வந்தவர்கள் இன்னொரு கூட்டம். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் நாற்பது வருஷமாக. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, பாஸ்போர்ட் இல்லாமல் நிற்கிற பிள்ளைகள். 1951-ம் வருஷத்து உலக அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவே இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்கள் பேர் இல்லை. 2021-ல் மாநில அரசு 317 கோடி ரூபாய்க்கு வீடு, படிப்பு என்று திட்டம் போட்டு, 'மறுவாழ்வு முகாம்' என்று பேரை மாற்றியது. பேர் மாறியது நல்லது. ஊர்?

கடலுக்கு அந்தப் பக்கம் 40,000 டன் அனுப்பிய அதே மனசு, இந்தப் பக்கம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைக்கத் தயங்குகிறது. உதவி ஏற்றுமதிக்கு மட்டும்தானா?

குறையே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. பேர் வாங்காத நல்ல காரியங்களும் இருக்கின்றன. இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு போன் செய்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும். 2016-ல் இந்திய இனாமில் ஆரம்பித்தது. நம் 108 மாதிரி. மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்ததும் இனாம்தான். 2015-ல் ஏமனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது 4,640 இந்தியர்களை மீட்ட நம் கப்பலும் விமானமும், கூடவே 41 நாட்டுக்காரர்கள் 960 பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தன. ஏணியில் ஏறியவனிடம் 'உன் நாடு எங்களுக்கு ஓட்டுப் போடுமா?' என்று யாரும் கேட்கவில்லை.

2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. 600 பேருக்கு மேல் செத்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மலைகள் சரிந்தன. அங்கே அருகில் இருந்த இந்தியப் போர்க்கப்பல்கள் உடனே சாப்பாட்டுப் பொட்டலத்தோடு களத்தில் இறங்கின. அப்போது எனக்கு ஜீப் மாமா ஞாபகம் வந்தது.

மாமாவின் தீர்ப்பு

காதுகுத்துப் பந்தலில் இதையெல்லாம் (அதற்கப்புறம் நடந்தவை நீங்கலாக) அவரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்.

"நீ படிச்சவன் மாப்ள, ஆனா நோட்டு எழுதி எழுதி புத்தி கெட்டுப் போச்சு. இங்க பாரு. கல்யாணத்துக்கு மொய் எழுதுறோம், சரி. அது கடன். திருப்பிச் செய்யலைன்னா கோவிச்சுக்கிறோம், அதுவும் சரி. ஒரு கேத வீடு. அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்துல சோறாக்கிக் கொண்டு போயி, 'ரெண்டு வாயி சாப்பிடுங்க'ன்னு உக்கார வச்சுப் போடுறோம்ல... அதை எந்த நோட்டுல எழுதுறோம்?"

"எழுதுறதில்லை மாமா."

"பேசாத பங்காளி வீடா இருந்தாலும் போறோம்ல?"

"போறோம்."

"கொரோனா வந்தப்ப மெட்டுல கயிறு கட்டி, ஆளை அங்கிட்டு இங்கிட்டு விடலை. தோட்டத்து வேலை போச்சு. எத்தனை நா எங்க தெருவுல ரேஷன் அரிசிய அடுத்த வீட்டுக்காரிதான் அளந்து குடுத்தா. அவ என்ன வல்லரசா?"

நான் பேசவில்லை.

"உங்க டெல்லிக்காரவுக, அந்தச் சீனாக்காரன், எல்லாரும் எங்க தப்புப் பண்றாகன்னா... கேத வீட்டுக்குப் போகும்போதும் கக்கத்துல நோட்டை இடுக்கிக்கிட்டுப் போறாக. கடன் குடுக்கணுமா, குடு. துறைமுகம் வேணுமா, கேளு. அதை எட்டாம் நாள் கழிச்சுப் பேசு. முத நாள் சோறு மட்டும் கொண்டு போ."

சொல்லிவிட்டு எழுந்து பந்திக்குப் போய்விட்டார். பாதி தூரம் போனவர் திரும்பி வந்து சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எழுது. இது காதுகுத்து. இதுக்கு நோட்டு உண்டு!"